பாடைக்கு அறுத்த குரோட்டன்ஸ்

என் மகள் சிந்துஜாவின் நிச்சயதார்த்தக் காலையில் வாசலில் இருந்தவர்கள்: ஆதிமூலம் என்கிற நான், என் மனைவி ராஜாம்பாள், மகன் கோபிநாத், பங்காளி கலியமூர்த்தி. கடைசியில் வந்து இறங்கியவர் மாப்பிள்ளையின் தகப்பனார் முருகையன்.

வாசலின் இருபுறமும் குட்டை ரகக் குரோட்டன்ஸ் வைத்திருந்தேன். நுனி கிள்ளிக் கிள்ளி, முழங்கால் உயரத்தைத் தாண்டவிடவில்லை. நிழலில் இலை வெறும் பச்சையாகிவிடும் என்று வாசல் தகரக் கூரையையே பிரித்துப் போட்டேன். வெயில் பட்டு ஒவ்வொரு செடியும் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது.

ராஜாம்பாள் அலறினாள். ஓடி வந்தேன். பாதிச் செடிகள் மொட்டையாக நின்றன. கலியமூர்த்தி கத்தியோடு குனிந்திருந்தான். பெரிய மார்க்கெட்டில் மாலையும் பாடையும் கட்டுகிறவன். அவன் சைக்கிள் கூடை நிறைய என் இலைகள்.

“வைத்திக்குப்பத்துல ஒரு சாவு அண்ணே. மார்க்கெட்ல குரோட்டன்ஸ் கெடைக்கல. செத்தவனுக்குக் கொஞ்சம் கலர் வேணாமா?”

“நிச்சயதார்த்த வாசல்ல பாடைக்கு இலை அறுக்கிறியாடா?”

“இலைதானே, திரும்பத் தழைக்கும். உன் பொண்ணையா அறுத்துட்டேன்?”

கோபிநாத் அவன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கலியமூர்த்தி கத்தியை வீசினான். என் மகனின் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது. மறுபடி ஓங்கினான். செடியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் திருப்பி, காம்பால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி விழுந்தது. விழுந்த பிறகும் இன்னொரு அடி கொடுத்தேன். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கூடையோடு சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான்.

அப்போதுதான் கார் வந்து நின்றது. முருகையன் தரையில் சிந்திய ரத்தத்தைப் பார்த்தார், கோபிநாத்தின் கையைப் பார்த்தார்.

“இன்னா சம்பந்தி இது?”

“பாடைக்கு இலை அறுத்தான். அடிச்சேன்.”

அவர் மொட்டைச் செடிகளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க வாசலா இருந்தா நானும் அடிச்சிருப்பேன். கைய கழுவிட்டு வாங்க. நல்ல நேரம் போவுது.”

“அப்பா, தலை சுத்துது,” என்றான் கோபிநாத்.

“துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு சபையில உக்காரு. பொண்ணோட அண்ணன் எழுந்து போனான்னு பேரு வரக் கூடாது,” என்றேன்.

உட்கார்ந்தான்.

அந்த நிச்சயம் நின்றுவிட்டதாகப் பெரிய மார்க்கெட்டில் பேசிக்கொள்கிறார்கள். நிற்கவில்லை. தட்டு மாற்றி முடித்த பிறகுதான் கோபிநாத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.