ஐந்தாம் கேள்வி

அரியலூர் கடைவீதியில் பல் டாக்டர் வேணுகோபால் போர்டு மாட்டி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் ஓர் உயிர் அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

குன்னத்துப் பருத்திக்காட்டுக்காரர் கண்ணையன். தாடைக்குக் கீழே இரு பக்கமும் வீங்கி, கழுத்தே காணாமல் போயிருந்தது. வாயில் ஒரு விரல் நுழையவில்லை. எச்சில் வடிந்தது. பேச்சு இல்லை. பேசியதெல்லாம் அவர் மனைவி உண்ணாமலைதான்.

“கடவாப் பல்லுங்க. நாலு நாளா வலி. புடுங்கி வுட்டுட்டா சரியாப் போயிரும்.”

பிடுங்குவதா? வாயே திறக்கவில்லையே!

வேணுகோபாலுக்குத் தொழில் பழக்கியவர் திருச்சி டாக்டர் சிங்காரவேலு. சிற்றூர்களில் தனியாகத் தொழில் தொடங்கும் தம் ஆட்களுக்கெல்லாம் அவர் ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தார். எட்டுக் கேள்விகள், எண்ணோடு. அவசரமென்றால் எண்ணையும், ஆம் இல்லை என்பதையும் தந்தியடித்தால் போதும். அவர் வழி சொல்வார்.

வேணுகோபால் கிடுகிடுவென்று கேட்டுக்கொண்டே போனான். ஐந்தாம் கேள்வி: படுத்தால் மூச்சு முட்டுகிறதா?

“நல்லாத் தூங்குனாருங்க. ஒரே கொறட்டை!” என்றாள் உண்ணாமலை.

கண்ணையன் கையை அசைத்தார்.

“வலிக்குதாம்,” என்றாள் அவளே.

ஐந்து, இல்லை. தந்தி பறந்தது. முக்கால் மணியில் பதில் வந்தது: ‘பல்லைத் தொடாதே. சாயங்கால ரயிலில் திருச்சிக்கு அனுப்பு.’

“திருச்சியா?” உண்ணாமலையின் முகம் செத்துப்போயிற்று. “எங்க அண்ணன டவுன் ஆஸ்பத்திரிக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. துணி சுத்தித்தான் கொண்டாந்தாங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. ரயில் வர்ற வரைக்கும் பெஞ்சுல படுக்கட்டும்.”

தோளைப் பிடித்துச் சாய்த்தான். அவ்வளவுதான்! கண்ணையனின் விழிகள் பிதுங்கின. உதடு நீலம் பாரித்தது. வேணுகோபாலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“அம்மா! நாலு நாள்ல இவரு படுத்தாரா இல்லையா?”

“செவுத்துல சாஞ்சு குந்திக்கிட்டேதான் கெடந்தாரு. சொன்னா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவீங்களோன்னு…”

வேணுகோபால் மேஜைக்குத் தாவினான். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘உடன் வந்தவர் சொல்வதை எழுதாதே. படுக்க வைத்துப் பார்.’ அவன் படித்த வரிதான். அவசரத்தில் தாண்டிப் போன வரியும் அதுதான்.

‘ஐந்து, ஆம்’ என்று மறுபடி தந்தி. ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம். வாசலுக்குப் போனான். திரும்பினான். மறுபடி வாசல். தந்திக்காரர் முருகையனின் சைக்கிளைக் காணோம். உள்ளே கண்ணையனின் மூச்சு விசில் அடித்தது. விசில் மெலிந்துகொண்டே வந்தது.

இனிக் காத்திருப்பதற்கில்லை.

மரத்துப்போக ஊசி போட்டான். உட்கார்ந்த வாக்கிலேயே, தாடைக்குக் கீழே நட்டநடுவில் கத்தியை வைத்தான். கீறினான். சீழ் வரவில்லை! துளி இரத்தம் மட்டும். தவறான இடத்தில் வெட்டிவிட்டோமா? கை அப்படியே நின்றது.

“சார், தந்தி!” முருகையன் உள்ளே ஓடி வந்தார்.

“படிங்க! சீக்கிரம்!”

“‘ரயிலுக்குக் காத்திருக்காதே. தாடைக்கு அடியில் நடுவில் கீறு. சீழ் வராது. பயந்து நிறுத்தாதே. ஆழமாகப் போ.’”

வேணுகோபால் ஆழமாகப் போனான். பலகை போலிருந்த சதைக்குள் இடுக்கியை நுழைத்து விரித்தான். நாற்றமெடுத்த நீர் பொசுக்கென்று வழிந்தது. கண்ணையனின் மார்பு ஒரு முறை எழும்பித் தணிந்தது. பிறகு இன்னொரு முறை. உதட்டின் நீலம் வடிந்து, பழைய கறுப்பு திரும்பியது.

முருகையன் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டார். “பல்லு புடுங்குற கடைன்னுல்ல நெனச்சேன்!”

ஆனாலும் திருச்சிக்குப் போயே ஆகவேண்டும். வீக்கம் மறுபடி இறுகலாம். ஸ்டேஷனில் உண்ணாமலை வண்டிப் படியில் கால் வைக்க மறுத்து நின்றாள்.

“நீங்க வந்தா ஏறுறேன். இல்லாட்டி இவர வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவேன்.”

வேணுகோபால் கண்ணையனைத் தாங்கி ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்தான். வண்டி நகர்ந்த பிறகும் அவன் பார்வை அந்த மார்பைவிட்டு அசையவில்லை.