படகு இல்லாத பக்கம்

குளச்சலில் உள்ள ஒரு நூலகத்தில், சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டுவது சஜ்னாவின் வேலை. முடிந்ததும், வீட்டில் வாசிக்க எதை எடுக்கலாம் என்று தாய்மார்கள் அவளிடம்தான் கேட்பார்கள். சகாயசெல்வி கேட்டபோது, சஜ்னா யோசிக்காமல் தனக்கு மிகவும் பிடித்த புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தாள். கடலுக்குப் போகிற ஒரு சின்னப் படகின் கதை.

"பிரிஜாவுக்கு அஞ்சு வயசுதானே? மடியில வச்சு சத்தமா வாசியுங்க. ஒவ்வொரு படத்துலயும் கொஞ்சம் நின்னு அவளப் பேச விடுங்க."

புதன்கிழமை மத்தியானம், பேப்பர் வாசிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு ஒன்றோடு நாலு நாளாகத் தொடர்பு இல்லை. ஒன்பது பேர். அதில் ஒருவன் மத்தியாஸ், சகாயசெல்வியின் கணவன்.

சஜ்னாவுக்குத் தான் கொடுத்த புத்தகம் நினைவுக்கு வந்தது. அந்தக் கதையின் நடுவே புயல் வரும். அடுத்து ஒரு பக்கத்தில் எழுத்தே கிடையாது. கறுத்த கடல் மட்டும், படகு இருக்காது. அதற்குப் பின்னால்தான் படகு கரை சேரும்.

கைக்குக் கிடைத்த யானைக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கடற்கரையோரம் இருந்த சகாயசெல்வியின் வீட்டுக்கு விரைந்தாள்.

வீட்டு முற்றத்தில் செல்வியின் தம்பி ஆன்ட்ரூஸ் போனைக் கையில் பிடித்தபடி நின்றான். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்வி சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் பிரிஜா, அவள் கையில் அந்தப் புத்தகம்.

"செல்வி, இதுக்குப் பதிலா வேற ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்..."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "இப்பம் எதுக்கு டீச்சர்? நீங்க நல்லதுன்னு சொன்னதுனாலதான எடுத்தேன். மூணு நாளா ரெண்டு தாளச் சேத்துப் புரட்டி அந்தப் பக்கத்த மறைச்சிட்டு இருக்கேன்."

குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் பிரிஜா கேட்டுவிட்டாள். விரலால் தாள்களைப் பிரித்தாள். கறுத்த கடல் விரிந்தது.

"அம்மா, படகு எங்க?"

ஜெபம் நின்றது. பக்கத்திலிருந்த பெண் அவசரமாக, "அப்பா ஞாயித்துக்கெழம வந்துருவாரு மக்கா" என்றாள்.

"நான் அப்பாவக் கேக்கல்ல. படகத்தான் கேட்டேன்." பிரிஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்பாக்க படகையும் காணல்லியா?"

படத்துக்குப் படம் நின்று பேசச் சொன்னவள் சஜ்னா. பக்கத்தைப் புரட்டி, படகு வந்துவிட்டது பார் என்று காட்டக் கை எழுந்தது. ஆனால் அப்படிக் காட்ட அவளுக்கு என்ன உரிமை? கையை மடக்கிக்கொண்டாள்.

"ஆமா மக்கா," என்றாள் செல்வி. "அப்பாக்க படகு எங்க நிக்குன்னு தெரியல்ல. எல்லாரும் தேடுகாவ."

சொல்லி முடித்ததும் நாலு நாள் அடக்கி வைத்த அழுகை வெடித்தது. பிரிஜா அழவில்லை. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை. சஜ்னாவும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலரை மணி இருக்கும். முற்றத்தில் ஆன்ட்ரூஸ் அலறினான்.

"அக்கா! கெடச்சிட்டாவ! எஞ்சின் பழுதாம். தேங்காப்பட்டணத்துப் படகு ஒண்ணு பாத்துக் கயித்துல கெட்டி இழுத்துட்டுப் போவுது. ஒம்பது பேரும் இருக்காவ!"

வீடே ஒரே நேரத்தில் அழுதது. செல்வி மகளை இறுக அணைத்துக்கொண்டு, போனைக் கொடு என்று கையை நீட்டினாள்.

சஜ்னா கிளம்பும்போது செல்வி வாசலுக்கு வந்தாள். "சங்கடத்துல உங்கள அப்பிடிக் கொறை சொல்லிட்டேன் டீச்சர்."

"நான்தான் யோசிக்காமக் குடுத்துட்டேன்."

"இல்ல. அவ கேக்கல்லன்னா, நான் அவகிட்ட இன்னிக்கும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

சஜ்னா தலையாட்டிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள். அங்கே வந்த பிறகுதான் யானைக் கதை இன்னும் தன் கையில் இருப்பதைக் கவனித்தாள். பஸ் நிறுத்தத்துச் சுவரில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் போன பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.