பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

அந்தத் தெருவில் எவர் வீட்டில் துன்பம் நேர்ந்தாலும், லவேர்ன் ஹோஃப்மன் ஓவனில் வேகவைத்த கோழி நூடுல்ஸ் மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில், ஒட்டுநாடாவில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். திருப்பித் தருவோர் வேறு வீட்டில் கொடுத்துவிடக் கூடாதல்லவா?

தேவாலயத்தின் வாகன நிறுத்தத்தில் ஒருவன் அவரைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்துச் சென்றான். அன்றுமுதல் அவர் வாசலைத் தாண்டவில்லை. நூடுல்ஸ் மட்டும் தபால்காரர் கையில் ஊர் சுற்றியது. பறித்தவன் பிடிபட்டுவிட்டான். ஆயினும் நீதிமன்றத்தில் லவேர்ன் சாட்சி சொல்லாவிட்டால் அவன் தப்பிவிடக்கூடும்.

விசாரணைக்கு முந்தின நாள், காவல்துறையின் பாதிக்கப்பட்டோர் ஆதரவுப் பிரிவைச் சேர்ந்த ஜோலின் வந்து கதவைத் தட்டினாள். லவேர்ன் கதவுச் சங்கிலியை நீக்காமல் எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் நீயா? போன்லயே சொன்னேனே. நிஜமா அடிபட்டவங்க யாராவது இருப்பாங்க, அவங்களைப் போய்ப் பாரு. எனக்கு வெறும் சுளுக்கு."

"சரிங்க மிசஸ் ஹோஃப்மன். நாளைக்குக் கோர்ட்டுக்கு யாரோட போறீங்க?"

"நாளைக்கு எனக்குத் தலைவலி."

"வரப்போற தலைவலி இன்னிக்கே தெரியுதா? பெரிய ஆள்தான் நீங்க."

ஜோலின் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து நீட்டினாள். கதவிடுக்கில் அது நுழையவில்லை. லவேர்ன் சங்கிலியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கவிழ்த்துப் பார்த்தார்: அவர் பெயர்தான்.

"எங்க கடையில திருட்டுப் போனப்ப கொண்டு வந்தீங்க. திருப்பித் தரலைன்னு அம்மாவுக்கு இன்னும் வெட்கம்."

"அட, உங்க அம்மாவா? நான் இத்தனை வருஷமா பாதிரியார் பொண்டாட்டியை இல்ல சந்தேகப்பட்டேன்!"

"அன்னிக்கு எங்கம்மாகிட்ட, 'நிஜமாவே கஷ்டமா'ன்னு கேட்டுட்டா குடுத்தீங்க?"

"சோத்துக்கு எதுக்கு அதெல்லாம்?"

"எங்க உதவியும் அப்படித்தாங்க. அவன் கண்ணுல படாம வேற வழியா கூட்டிட்டுப் போவேன். நீங்க பேசும்போது எதிர்லயே உக்காந்திருப்பேன்."

லவேர்ன் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு, "காலையில சீக்கிரம் வா," என்றார்.

மறுநாள் சாட்சிக் கூண்டில் அவர் குரல் முதலில் நடுங்கியது. எதிரே ஜோலினைப் பார்த்ததும் உறுதிப்பட்டது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். வெளியே வந்தபோது, நடைக்கூடத்து பெஞ்சில், சாட்சி சொல்ல வந்திருந்த ஒரு பெண், "எனக்குத் துணைக்கு யாரும் வேண்டாம்," என்று காவலரிடம் மறுத்துக்கொண்டிருந்தாள்.

லவேர்ன் அவளருகே அமர்ந்தார். "நானும் அப்படித்தான் சொன்னேன். நாம குடுத்தா அன்பு, நமக்குக் குடுத்தா அவமானம்னு நினைச்சேன். அது தப்பும்மா. பாதிக்கப்பட்டவங்க உதவி வாங்கிக்கறதுல வெட்கமே இல்ல."

சற்று நிறுத்திச் சொன்னார்: "பாத்திரத்தை மட்டும் திருப்பிக் குடுத்துரணும்."