படத்தின் பின்பக்கம்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எர்சிலியா அக்காவை அடக்கம் செய்த அன்றுதான் இது எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷம் தாமதம்.

அப்பா விட்டுப்போனது ஒரே ஒரு புத்தகம். பழைய லத்தீன் காவியத்தை எங்கள் இத்தாலிய மொழியில் பெயர்த்து, எங்கள் ஊரான இதே வெனிஸில் நானூறு வருஷத்துக்கு முன் அச்சடித்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட முப்பத்திரண்டு படங்கள். சின்ன வயதில் நான் உரக்க வாசிப்பேன். அக்கா படத்தில் விரலை வைத்து, "இந்த ராணி மூஞ்சியப் பாருடா, நம்ம மீன்காரியேதான்!" என்பாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அப்பா போனதும், அது யாருக்கு என்று அவள் வீட்டுச் சமையலறையில் சண்டை.

"வாசிக்கிறவன் நான். எனக்குத்தான்."

"பெரிய இவன்! நீ வாசிச்சா போதுமா அல்வீசே? படம் பாக்கறவ நான்."

"அப்படியா? அப்ப படத்த நீயே வச்சுக்கோ. எழுத்து எனக்கு!"

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. பேனாக்கத்தியை எடுத்தேன். "டேய், வேணாம்டா பாவி!" என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, முப்பத்திரண்டையும் அறுத்து மேஜையில் போட்டேன்.

படகில் திரும்பும்போது புத்தகத்தைப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. படத்துக்குப் பின்பக்கமும் பாட்டு அச்சாகியிருக்கும் என்பது, அந்தப் புத்தகத்தோடு வளர்ந்த எனக்கு நினைவில்லாமல் போயிற்று.

ஒரு மாதத்தில் அவள் கடிதம் வந்தது. "உன் எழுத்துல பாதி எங்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை புத்தகத்தோட வா. சேத்து வச்சு வாசி."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். கிழித்துப் போட்டேன். அவள் இருந்த ஜுதேக்கா தீவுக்குப் படகில் பத்தே நிமிஷம்தான். நான் போகவேயில்லை.

அடக்கம் முடிந்ததும் அவள் மகள் லொரெதானா என்னை வீட்டுக்கு அழைத்துப் போனாள். படுக்கையறைச் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு. ஒன்றில்கூடப் படம் தெரியவில்லை. எல்லாம் எழுத்து.

"என்னம்மா இது, திருப்பி மாட்டியிருக்கு?"

"நாங்களும் சொல்லிப் பாத்தோம் மாமா. 'படம் எனக்கு மனப்பாடம்டி. அவன் வந்தா வாசிக்க வேணாமா?'ன்னுட்டாங்க அம்மா."

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு போனேன். ஓட்டை விழுந்த பக்கத்தைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்து, ராணி வரும் பாட்டை முழுசாக, உரக்க வாசித்தேன். படம் வரும் இடத்தில், அக்கா விரலை வைப்பாள் என்று பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். பிறகு சட்டத்தை இறக்கி, பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன்.

மீன்காரி அங்கேயேதான் இருந்தாள். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் அக்கா இல்லை.