டின் நெய்க்கு நான் சொன்ன தமிழ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை நம்பித்தான் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். மலாயாவில் அப்போது அவசரகாலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. கான்வென்டில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அப்போதுதான் டின் நெய் விற்கும் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேச, அவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். "ஒழுங்கா பேசிட்டா கோலாலம்பூர்ல வேலை உனக்குத்தான், மவுரீன்," என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சிவானந்தம் அடித்துச் சொன்னார். அந்தக் கம்பெனி கொடுத்த புது ரேடியோ அவர் வீட்டில் பாடிக்கொண்டிருந்தது.

பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தேங்காயெண்ணெய் பிள்ளைகளின் உடம்பைக் கெடுக்கும், டின் நெய்தான் எலும்புக்குப் பலம் என்றார் அந்தம்மா. நானும் கூச்சமில்லாமல் தமிழில் அள்ளிவிட்டேன். டிரசருக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். எந்த உத்தரவு வந்தாலும், சொன்னது வேலை வாங்கும் மண்டோரா, கணக்கெழுதும் கிராணியா, வெள்ளைக்காரத் துரையா என்று கேட்டுக்கொண்டுதான் வேலையில் கை வைப்பார்கள். வள்ளியம்மா எழுந்தாள். இடுப்பில் அவளுடைய நோஞ்சான் பிள்ளை.

"தேங்காண்ண ஆவாதுன்னு யாரு சொன்னது?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். எங்கள் கம்பெனி ஆட்களே கண்டுபிடித்தது என்று அந்தம்மா பெருமையாகவே சொன்னார்.

டிரசர் என் காதருகே குனிந்தார். "டாக்டருன்னு சொல்லிரு லா."

டாக்டர் என்றால் வள்ளியம்மா நம்பிவிடுவாள். நான் தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சும் கஞ்சியில்தான் அந்தப் பிள்ளை கொஞ்சமாவது சதை போட்டிருந்தது. கோலாலம்பூர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் வள்ளியம்மா பக்கம் திரும்பினேன்.

"டின்னு விக்கிற கம்பெனியே சொல்லுது, அக்கா. வேற யாரும் சொல்லல."

பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பாவாடையைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக லயத்துக்கு நடந்தார்கள். என்ன சிரிப்பு என்று அந்தம்மா கேட்டார். அதையும் ஒளிக்காமல் சொன்னேன். முகம் சிவந்து காரில் ஏறிவிட்டார்.

கெட்டுப்போனாயே என்று டிரசர் கத்தினார். வேலை போனது எனக்குத்தானே, உங்களுக்கு ரேடியோ இருக்கிறதே என்றேன்.

மறுநாள் விடிகாலை, வேலைக்கு ஓடும் அவசரத்தில் வள்ளியம்மா கொட்டகைக்கு வந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"நீ எத குடுத்தாலும் சரி, மவுரீன்," என்றாள்.

பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுத் தேங்காய் திருவ உட்கார்ந்தேன்.