கூடுதலாய் இரண்டு விரல்

களியக்காவிளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஷாஜன் அண்ணனுக்கு என்மேல் தனி மதிப்பு. பொம்மைக்கு மாட்டிய சுடிதாரைப் போனில் ஒரு படம் எடுத்தால் போதும், அதை ஒரு பெண்பிள்ளை உடுத்திக்கொண்டு நடந்து வருவது போல வீடியோ ஆக்கிவிடுவேன். பில் போட வந்தவள் நான். ஏஐ என்று ஒன்று வந்ததும் கடையின் இன்ஸ்டாகிராமும் என் தலையில் விழுந்தது. எந்தச் செயலி துணியின் நிறத்தை மாற்றும், எது ஓசியில் பாதி வேலை செய்துவிட்டுப் பாதியில் காசு கேட்கும், எதில் பெண்ணுக்கு மூன்றாவது கை முளைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பத்துப் பன்னிரண்டைப் பார்த்துக் கழித்து, கடைசியில் ஒன்றுக்குக் கடையைச் சந்தா கட்ட வைத்தேன். "பொம்மைக்கு உயிரு குடுக்கது நீயாக்கும் மக்கா," என்பார் ஷாஜன் அண்ணன். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கூடப்பிறந்த அண்ணன் கிளீட்டஸ் பிப்ரவரியில் காணாமல் போனான். தூத்தூர் பக்கத்து ஆண்கள் பலரையும் போல அவனும் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவன். போட்டில் ஏறினால் முப்பது நாள், நாற்பது நாள் கடலிலேயே கிடந்து, கொச்சியிலோ குஜராத்திலோ கரை பிடிப்பார்கள். இந்த முறை குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் ஐஸ் ஏற்ற நின்றபோது கூட்டாளிகளோடு வாக்குவாதம் செய்து இறங்கிப் போனவன் திரும்பவில்லை. போன் போட்டிலேயே கிடந்தது. தினமும் போடவேண்டிய மாத்திரையும் அதோடு கிடந்தது. இரண்டு வருடமாக அவனுக்கு மனசு சரியில்லை. மாத்திரை நின்றால் பேச்சும் நின்றுவிடும். புகார் கொடுக்கப் போனோம். கடலில் காணாமல் போனவனுக்கு ஓர் ஆபீஸ், கரையில் காணாமல் போனவனுக்கு இன்னோர் ஆபீஸ் என்றார்கள். இரண்டிலும் எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் மனைவி விக்டோரியாதான் வழி சொன்னாள். நான் அவளை மைனி என்று கூப்பிடுவேன்.

"ஏட்டி பிரிஜா, நீ அந்தப் பொம்மையள நடக்க வைக்கியல்லா. அவருக்க படத்தயும் அதுல போடு. நாலு ஊருல நாலு பேரு பாத்தா யாராவது ஒருத்தன் கண்டேன்னு சொல்லுவான்."

படம் தேடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அண்ணனுக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் கிடையாது. இருபத்திரண்டு வயதில் போட்டில் கயிறு இழுக்கிற இயந்திரத்தில் கை மாட்டிப் போனவை. எங்கள் கோயில் பங்கில் மட்டும் ஏழு கிளீட்டஸ் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பெயரை மட்டும் சொன்னால் யார் என்று தெரியாது. மூணுவெரலு கிளீட்டஸ் என்றால்தான் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். ஊர் அதைச் சாதாரணமாகச் சொல்லும். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் வலித்தது. கல்யாண ஆல்பம் முழுக்க அந்தக் கை பேன்ட் பையில், பூச்செண்டுக்குப் பின்னால், இல்லையென்றால் மைனியின் முதுகுக்குப் பின்னால். வீட்டில் சோறு தின்னும்போதுகூட மடியில் துண்டைப் போட்டு அதற்குள் வைத்துக்கொள்வான்.

ஒரே ஒரு படம் கிடைத்தது. மகள் ரெனிஷா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயில் படியில் எடுத்தது. படம் எடுக்க வந்தவன் வெளியூர்க்காரன். விவரம் தெரியாமல் அண்ணனின் கையைப் பையிலிருந்து இழுத்துப் பிள்ளையின் தோளில் வைத்துவிட்டான். மூன்று விரலும் தெளிவாகத் தெரிந்தன. அண்ணன் அந்தப் படத்துக்குச் சட்டம் போட விடவில்லை.

"இது போதும்," என்றாள் மைனி. "இந்தக் கையக் கண்டவன் மறக்கமாட்டான்."

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஓசியில் கிடைத்த முதல் செயலி படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, பிறகு தள்ளிக் கொண்டுபோனது. நடுவில் பூ உதிர்ந்தது. அண்ணன் அப்படியே இருந்தான், கையும் அப்படியே இருந்தது. ஆனால் கல்யாண நாள் வாழ்த்து மாதிரி இருந்தது. இதை எவன் நின்று பார்ப்பான் என்று ஒதுக்கினேன். இரண்டாவது செயலி அவனைத் தலை திருப்ப வைத்தது. திருப்புவதற்குள் ஆள் மாறி ஏதோ சீரியல் நடிகன் ஆகிவிட்டான். மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு அவள் சிரித்தது அன்று ஒரு தடவைதான்.

அப்புறம் நான் சந்தா கட்ட வைத்த செயலியைத் திறந்தேன். அவன் சிரித்துக் கை அசைக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கை அசைத்தால் பார்க்கிறவர்கள் மேலே தள்ளிவிட்டுப் போகாமல் நிற்பார்கள். சுடிதார் விற்றுக் கற்ற பாடம் அது.

அண்ணன் மூச்சுவிட்டான். சட்டை ஏறி இறங்கியது. கண்ணைச் சிமிட்டினான், பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுத்தான், எங்களைப் பார்த்து அசைத்தான். ஐந்து விரலும் இருந்தன.

மூன்று விரல்தான் என்று எழுதித் திரும்பச் செய்தேன். ஆறு வந்தது. இன்னொரு தடவை வலது கையை மூளியாக்கிக் கொடுத்தது. அதற்கடுத்த தடவை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பார்க்கவே பயமாக இருந்தது. முதலில் வந்ததுதான் நன்றாக வந்திருந்தது, கடையில் போடுகிற எந்த வீடியோவையும்விட நன்றாக. பூ உதிர்கிற வீடியோவில் கை சரியாக இருந்தது. இதில் ஆள் உயிரோடு இருந்தான். நான் இதை எடுத்தேன்.

மைனி போனை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பி ஓடவிட்டாள். அந்தக் கை மேலே வருகிற இடத்தில் விரலால் தொட்டாள். தொட்டதும் வீடியோ நின்றுவிடும். மறுபடியும் ஓடவிடுவாள்.

"வெரலு அஞ்சும் இருக்குல்லா மைனி," என்றேன்.

"கண்டேன்." இன்னொரு தடவை ஓடவிட்டாள். "இருக்கட்டும் மக்கா. வந்தா அவருக்கு இதக் காட்டணும். பிடிக்கும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன். இடது கையில் இரண்டு விரல் இல்லை என்று தமிழிலும் மலையாளத்திலும் கீழே எழுதி, என் நம்பரையும் சேர்த்துப் போட்டேன்.

நாலு நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஜெபிக்கிறோம் என்று எழுதினார்கள், அழுகிற பொம்மை போட்டார்கள். அதைவிட அதிகம் பேர் இது எந்தச் செயலி, ஓசியா, தமிழில் எழுதினால் புரியுமா என்று கேட்டார்கள். ஒருவன் தன் செத்துப்போன நாயின் படத்தை அனுப்பி இதையும் கை அசைக்க வைக்க முடியுமா என்றான். வீடியோவை மட்டும் இறக்கி வாட்ஸ்அப்பில் தள்ளினார்கள். நான் கீழே எழுதியது அதோடு போகவில்லை. நம்பர் மட்டும் எப்படியோ போயிற்று.

ஆளைக் கண்டதாக மூன்று பேர் படம் அனுப்பினார்கள். மூன்று படத்திலும் அண்ணனின் சாடை இருந்தது, மூன்று பேருக்கும் பத்து விரலும் இருந்தன. அதில் ஒரு படத்தில் கை சரியாகத் தெரியாமல் மங்களூர்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எல்லோரும் வீடியோவில் உள்ள ஐந்து விரலைத்தான் தேடுகிறார்கள் என்று திரும்பி வருகிற ரயிலில்தான் எனக்கு உறைத்தது. வீடு வந்து சேருமுன்பே அசல் படத்தை, கையில் வட்டம் போட்டுப் பதிவேற்றினேன். அதை அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். பாதிப்பேர் எங்கள் பங்குக்காரர்கள்.

ஆகஸ்டில் மீன்பிடித் தடை முடிந்து போட்டுகள் புறப்பட்டன. மைனி என்னிடம் சொல்லவில்லை. அந்தப் புதுநன்மைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அண்ணன் போன அதே போட்டில் தொழில் செய்கிற பக்கத்து வீட்டு லிஜினிடம் கொடுத்துவிட்டாள். கரை பிடிக்கிற இடத்திலெல்லாம் காட்டச் சொன்னாளாம்.

பதினெட்டாம் நாள் லிஜின் கூப்பிட்டான். நான் கடையில் ஒரு பாவாடை சட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க குஜராத்துல ஒரு சாயாக்கடைக்காரரு, கண்ணூர்க்காரரு. படத்தக் கண்ட ஒடனே கையத் தொட்டுக் காட்டுதாரு. நீங்களே பேசுங்க."

அவர் தமிழும் மலையாளமுமாகப் பேசினார். மார்ச் முழுவதும் ஒரு ஆள் ஐஸ் பேக்டரி நிழலில் கிடந்தாராம். பேச்சு இல்லை. சாயா கொடுத்தால் மூன்று விரலால் பிடித்துக் குடிப்பாராம். ஏப்ரல் முதல் வாரம் காய்ச்சல் வந்து, யாரோ ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்கள். இரண்டாம் நாள் போய்விட்டார். கேட்க ஆளில்லை என்று அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "அண்ணா, நீங்க அந்த வீடியோவ பாக்கலியா?"

"கண்டேன் மோளே. ஆளு உயிரோட கெடக்கும்போதே வந்தது. என் பெண்டாட்டிதான் இது அந்த ஆளாக்கும்னா. நான் போனக் கொண்டுபோய் அவரு மொகத்துப் பக்கத்துல வச்சே பாத்தேன். மொகம் ஒத்துப்போச்சு. அப்போ வீடியோல கைய வீசுனாரு, அஞ்சு வெரலும் உண்டு. ஆளு வேறன்னு விட்டுட்டேன்." பிறகு சொன்னார், "அவரும் எட்டிப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. கைய எடுத்துத் துண்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு."

பஸ்ஸில் வரும்போது என்னை நானே திட்டாத வார்த்தை இல்லை. இரண்டு லட்சம் பேரில் பார்க்கவேண்டிய ஒருவர் பார்த்திருக்கிறார். அண்ணனே பார்த்திருக்கிறான். கையை முழுசாக வைத்துக்கொண்டு ஒருவன் தன் மகளின் பக்கத்தில் நின்று சிரிப்பதைப் பார்த்திருக்கிறான். வீட்டார் தேடுகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்ததா, இல்லை, தான் அங்கே வேண்டாம் என்று புரிந்ததா, இனி யாரிடம் கேட்பது.

மைனி முற்றத்தில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். லிஜின் கூப்பிட்டதையும், ஆஸ்பத்திரியையும், அடக்கத்தையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஈரச் சேலையின் மறு முனையை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேரும் பிழிந்தோம்.

"மூணு வெரலு உள்ளவன் கடத்தொழில்ல எத்தன பேரு உண்டு," என்றாள். "நம்ம ஊருலயே நாலு பேரு உண்டு. அது வேற ஆளாயிருக்கும். லிஜினுக்கு என்ன தெரியும்."

அதோடு விட்டிருக்கலாம். அவள் அந்த நம்பிக்கையில் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பாள். ஆனால் இன்னொரு பொய்யை அழகாகச் செய்து அவள் கையில் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

"வீடியோவ அந்த ஆளுக்குக் காட்டினாராம் மைனி. அவன் பாத்தானாம்."

சேலை அவள் கையில் அப்படியே நின்றது.

"பாத்துட்டு?"

"ஒண்ணும் சொல்லலியாம்."

"கைய எங்க வச்சாராம்?"

நான் தரையைப் பார்த்தேன். "துண்டுக்குள்ள."

மைனி சேலையைக் கொடியில் போட்டு, சுருக்கம் நீவி, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள்.

"பின்ன அவருதான்," என்றாள்.