ஒன்றுவிட்டு ஒரு நாள்

இன்றைக்கு நிறம் இல்லை. குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு யோசெப்பின் இன்னொருதரம் குனிந்து பார்த்தாள். மருந்துக் குளிசை போட்ட நாளென்றால் சிறுநீர் தோடம்பழச் சாறு மாதிரிச் செம்மஞ்சளாகப் போகும். அப்போது இரண்டு தரம் தண்ணீர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளோரின் ஊற்றி, களவெடுத்தவள் தடயம் அழிப்பதுபோல ஒரு பாடு. போடாத நாளில் ஊர் உலகத்தைப் போலச் சாதாரணமாகப் போகும். நேற்றுப் போடவில்லை, வேண்டுமென்றுதான் போடவில்லை. ஆனாலும் அந்த வெளிறலைக் காணும்போதெல்லாம், வாசலில் நின்ற காவல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போய்விட்டான் என்றே அவளுக்குப் படும்.

“யோசி, உள்ளுக்கை என்ன செய்யிறீர்? எனக்கு ரெயின் போகப்போகுது,” என்று வெளியே மரியமலர் கதவைத் தட்டினாள்.

“இந்தா வாறன் அக்கா.”

மரியமலர் அவளுடைய புருஷன் யூலியனின் அண்ணி. ஒஸ்லோவின் புறநகர் புருசெத்தில் ஐந்தாம் மாடி வீடு. யூலியனின் அண்ணன் அல்பிரட் பஸ் ஓட்டுகிறான், மரியமலருக்கு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரண்டரை வயது மகள் நோராவுக்கு ஓகஸ்டில்தான் பாலர் பாடசாலையில் இடம். அதுவரைக்கும் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். யோசெப்பினுக்கோ இருக்க இடம் வேண்டும். எல்லாருக்கும் வாய்ப்பாகத்தான் வந்தது. வாய்ப்பாக வருகிற காரியங்களுக்குள்தான் இப்படி ஏதாவது ஒளிந்திருந்து தொலைக்கிறது.

சயம். காசநோய்க்கு ஊரில் சொல்லும் பெயர். அந்தச் சொல்லை அவள் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. நாட்டின் வடகோடிப் பின்மார்க்கில், பெயர் சொன்னால் ஒஸ்லோத் தமிழருக்கே தெரியாத ஒரு துறைமுகத்தில், மீன் ஆலையில் ஏழு வருடம் கத்தியும் கையுமாக நின்றவள். இலையுதிர் காலத்தில் தொடங்கிய இருமல் மார்கழியில் எக்ஸ்ரே வரைக்கும் போய், அங்கிருந்த டொக்டர் நொர்வேஜியனில் அந்தப் பெயரைச் சொன்னபோது, விளங்காதவள்போலத் தலையாட்டிக்கொண்டு இருந்தாள். ஆறு மாதம் மருந்து. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் சுகாதார நிலையத்தில் ஏறி, தாதி கிரெத்தே கையில் வைக்கும் குளிசைகளை அவள் கண்முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கினாளா என்று பார்த்துவிட்டு கிரெத்தே தாளில் சரி போடுவாள். என்ன நம்பிக்கை இல்லாத சனமடா என்று முதலில் மனம் நொந்தது. பிறகு அந்தக் காலை நேரத்து முகத்தைக் காணாவிட்டால் நாளே விடியாதது மாதிரி ஆயிற்று. மூன்றாம் கிழமையே, இனி இது உன்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது, மருந்தை மட்டும் விடாதே என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பங்குனியில் ஆலையை மூடினார்கள். இயந்திரங்களைக் கழற்றிக் கட்டி அனுப்ப வைத்திருந்த பத்துப் பேரில் யூலியனும் ஒருவன். சித்திரை முடியத்தான் வருவான். “அண்ணா ஆக்களுக்குச் சொல்லிப்போடாதை,” என்று விமான நிலையத்தில் வைத்து அவன் மூன்று தரம் சொன்னான். “பிள்ளை இருக்கிற வீடு. தெரிஞ்சால் ஒரு நிமிசம் வைச்சிருக்க மாட்டினம். நான் வந்த உடனை வேற வீடு பாப்பம்.”

கிரெத்தே பதினான்கு நாளுக்குக் குளிசை தந்து அனுப்பினாள், நாளுக்கொரு மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டியில். ஒஸ்லோவில் இறங்கியதும் இடம் மாறியதற்கான படிவத்தை அனுப்பு, அது பதிவானால்தான் புது டொக்டர் கிடைப்பார், புது இடத்துத் தாதி உன்னைப் பொறுப்பெடுப்பாள், உன் கோப்பு நான் அனுப்புகிறேன் என்றாள். கடைசியாக, அங்கே நீ அலைய வேண்டாம், அவர்களே வீட்டுக்கு வருவார்கள் என்று ஆறுதலும் சொன்னாள். அந்த ஆறுதல்தான் யோசெப்பினின் தொண்டையில் முள்ளாகக் குத்தி நின்றது. வீட்டுக்கு வருவார்கள்! புருசெத்தில் ஒரு வாசலுக்குள் நாலு தமிழ்க் குடும்பம். நகரசபைத் தாதியின் கார் இரண்டு நாள் வந்து நின்றால், மூன்றாம் நாள் செபக்கூட்டத்தில் அவளுக்காகச் செபிப்பார்கள், அதுவும் பெயர் சொல்லி.

வீட்டுக்குத் தாதி வருவதைக்கூட எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். கடிதத்தை என்ன செய்வது? அந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் மரியமலர் கையால்தான் உடையும். களவுக்குணம் இல்லை, பாவம். நொர்வேஜியன் ஒழுங்காக வாசிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்றபடியால், அல்பிரட்டின் கடிதம், மேல்மாடி சூசைரட்ணத்தாரின் கடிதம் எல்லாவற்றையும் அவளே உடைத்து, குசினி மேசையில் வைத்து உரத்து வாசித்து, இன்னது செய்யுங்கோ என்று சொல்லிக் கொடுப்பாள். அது அவளுடைய தர்மம். யோசெப்பினின் பெயருக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் அதற்கும் அதே மேசை, அதே உரத்த குரல்தான். ஆகவே படிவம் கைப்பையின் அடியில் செபமாலைக்குக் கீழே கிடந்தது.

மருந்துக்கு அவள் கண்ட வழி சின்னது. ஒன்றுவிட்டு ஒரு நாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் குடும்பம் பார்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சவர்க்காரத்தை நூலால் நாலாக அறுத்தவள், ஒரு பனடோலைப் பாதியாக உடைத்து இரண்டு காய்ச்சல்காரருக்குக் கொடுத்தவள், மண்ணெண்ணெயைப் போத்தல் மூடியால் அளந்தவள். இருப்பதை இழுத்துப் பிடித்தால் எல்லாம் வந்து சேரும் நாள்வரை ஓடும் என்பது அவளுக்கு இரத்தத்தில் ஊறியது. பதினான்கு நாள் இருபத்தெட்டு நாளாக நீண்டது. யூலியன் வந்துவிடுவான், தனி வீடு, தனித் தபால்பெட்டி, பிறகு ஆயிரம் படிவம் நிரப்பலாம் என்று நினைத்தாள். தான் செய்தது கெட்டித்தனம் என்றே முதல் கிழமை முழுக்க நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்று பதினேழாம் நாள். மரியமலர் போன பிறகு பெட்டியைத் திறந்து இன்றைய பங்கை விழுங்கினாள். ஐந்து மூடி பாக்கி இருந்தது.

“சித்தி, தூக்கு.”

நோராவைத் தூக்கும்போது முகத்தை வெளிப்பக்கம் திருப்பித்தான் யோசெப்பின் இடுப்பில் வைப்பாள். டொக்டர் சொன்னது காதுக்குள் இருந்தாலும் கை அதை நம்பவில்லை. பிள்ளையோ உடும்பு மாதிரித் திரும்பித் திரும்பிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கலியாணமாகி ஒன்பது வருடமாகக் காலியாக இருந்த இடுப்பு. அந்தச் சின்னச் சூடு கழுத்தில் படும்போது, ஐயோ கர்த்தரே இதைத் தள்ளவும் முடியவில்லையே என்று இருக்கும். மத்தியானம் சோறு தீத்தி, மடியில் போட்டுத் தட்டி நித்திரையாக்கும்போதுதான் நோரா இருமினாள். முந்தநாளும் இருமினாள்தான், சளித் தடிமன் என்றிருந்தாள் யோசெப்பின். இன்றைய இருமல் நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. இரண்டாம் தரம். மூன்றாம் தரம். யோசெப்பின் பிள்ளையின் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். நேற்று அதிகாலையில் தன்னுடைய இரவுச் சட்டை கழுத்தடியில் நனைந்திருந்ததும், போர்வை தடிப்பம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இப்போது ஒன்றாகச் சேர்ந்து முன்னால் வந்து நின்றன.

குறொன்லாண்ட் கடையில் ஊருக்குக் கதைக்கவென்று வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, கிரெத்தேயின் இலக்கத்தை அழுத்தினாள்.

கிரெத்தே சந்தோசப்பட்டாள். புதுத் தாதி எப்படி, நல்லவளா என்று கேட்டாள். யூலியனிடம் விசாரித்தபோது எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று சொன்னானே என்றாள். யோசெப்பின், மருந்து கிடக்கு, இன்னும் அஞ்சு நாளுக்கு கிடக்கு என்று மட்டும் மீன் ஆலையில் பழகிய நொர்வேஜியனில் சொன்னாள். தந்தது பதினான்கு, போனது பதினேழு நாள், மிச்சம் ஐந்து: கிரெத்தேக்கு அதைக் கூட்டிப் பார்க்க அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுசி, இப்போதும் உயர்த்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள். இந்த மருந்தைப் பாதி பாதியாகப் போடுவது போடாததிலும் கேடு. கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். பழகின கிருமிக்கு இந்தக் குளிசை பிறகு வேலை செய்யாது. உனக்கும் செய்யாது, உன்னிடமிருந்து தொற்று எடுத்தவருக்கும் செய்யாது.

அதற்குப் பிறகு கிரெத்தே கேட்டாள், அந்த வீட்டில் சின்னப் பிள்ளை யாரும் உண்டா என்று.

யோசெப்பின் மடியைப் பார்த்தாள். நோரா வாயைத் திறந்தபடி நித்திரை. “ஒண்டு,” என்றாள்.

அப்படியானால் உன்னிடம் அனுமதி கேட்க மாட்டேன், இப்போதே ஒஸ்லோவுக்குப் போன் எடுக்கிறேன், நீ தந்த விலாசம் என்னிடம் இருக்கிறது என்று கிரெத்தே சொன்னாள். யோசெப்பின் அழுதாள். கண் துடைத்த லேஞ்சித் துணியில் மங்கலான செம்மஞ்சள் கறை படிந்தது. இந்த மருந்து கண்ணீரைக்கூடச் சும்மா விடாது.

அடுத்த நாள் பத்து மணிக்கு மரியமலர் வேலையில் இருந்திருக்க வேண்டும். நோராவுக்கு இரவோடிரவாகக் காய்ச்சல் கண்டபடியால் லீவு சொல்லிவிட்டு நின்றாள். மணி அடித்தபோது, “நீர் இரும், பிள்ளையை வைச்சிரும், நான் திறக்கிறன்,” என்று அவளே போனாள்.

வந்த தாதி இளம் பெண். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, யோசெப்பினுடன் தனியாகக் கதைக்க வேண்டும் என்றாள். மரியமலர் தன் நல்ல நொர்வேஜியனில், அவவுக்கு ஒஸ்லோப் பாஷை அவ்வளவு விளங்காது, நான் குடும்பம்தான், நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம், தேவைப்பட்டால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் எடுப்பேன் என்றாள் தாதி, சிரித்தபடியே. இருபது வருடமாக ஊரார் கடிதமெல்லாம் வாசித்தவளுடைய முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் குசினி வாசலை விட்டு அசையவில்லை. தாதி வேறு அறை உண்டா என்று கேட்டாள். யோசெப்பின் எழும்பப் பார்த்தாள், நோரா அவளுடைய சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். யோசெப்பின் இஞ்சையே தாங்கோ என்று கையை நீட்டினாள். தாதி ஒருமுறை மரியமலரைப் பார்த்தாள், பிறகு குளிசைகளை அந்தக் கையில் வைத்தாள்.

யோசெப்பின் விழுங்கினாள். தாதி தாளில் சரி போட்டாள்.

“உது என்ன குளிசை, யோசி?”

தாதிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் அவள் வாய் திறக்கக் கூடாதென்று சட்டம். யோசெப்பின் நோராவின் தலைமுடியைக் கோதினாள். அப்போது மரியமலரின் முகம் திடீரென்று மாறியது. கோபமெல்லாம் வடிந்து, ஒரு வெட்கம் கலந்த சந்தோசம் வந்தது.

“அடி விசரி! பிள்ளை தங்கிறதுக்கோ? அதுக்கோ இவ்வளவு ஒளிப்பு? என்னட்டைச் சொன்னால் நான் என்ன, ஊருக்குப் பறையடிக்கவே போறன்?”

ஓம் என்று ஒரு தலையசைப்பு போதும். அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. மரியமலர் நாளைக்குத் தாதி வரும்போது கோப்பி வைத்துக் கொடுப்பாள், செபக்கூட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுவாள், யூலியன் வரும்வரை அவளைப் பாரம் தூக்க விடமாட்டாள். யோசெப்பினின் தலை அசைய ஆயத்தமாகத்தான் இருந்தது. நோராவின் நெற்றி அவள் தொண்டைக் குழியில் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை இருமினாள், அந்த அதிர்வு யோசெப்பினின் நெஞ்செலும்பில் வந்து முட்டியது.

“இல்லை அக்கா,” என்றாள். “எனக்குச் சயம்.”

மரியமலரின் கண் பிள்ளையிடம் போனது.

“மார்கழியிலை இருந்து. தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவர். நான்தான் மருந்தை விட்டு விட்டுப் போட்டனான். நீங்கள் கலைச்சுப்போடுவியள் எண்ட பயத்திலை...”

மரியமலர் வந்து முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

“பிள்ளையைத் தாரும்.”

நோரா விடவில்லை. “சித்தியோடை,” என்று சிணுங்கினாள். யோசெப்பின்தான் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் தன் சட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்தாள். மரியமலர் பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

என்ன நடந்தது என்று தாதி கேட்டாள். யோசெப்பின் தனக்குத் தெரிந்த நொர்வேஜியனில் சொன்னாள். தாதி தலையாட்டி, வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும், பிள்ளையை இன்றைக்கே, நான் இங்கிருந்தே எடுத்துக் கேட்கிறேன் என்று கைத்தொலைபேசியை எடுத்தாள். யோசெப்பின் குளியலறைக் கதவடியில் போய் நின்றாள். தட்டக் கை போகவில்லை. உள்ளே தண்ணீர் பெரிதாக ஓடியது, நின்றது. மரியமலரின் குரல், கொஞ்சுகிற மாதிரி, ஆனால் மூச்சு வாங்கியபடி:

“எங்கை குஞ்சு, ஒருக்கா இருமு பாப்பம். அம்மாவுக்கு இருமிக் காட்டு.”

நோரா இருமினாள். அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இன்னும் ஒருக்கா என்றாள் மரியமலர். பிள்ளை இன்னும் பெரிதாக, இல்லாத இருமலை எல்லாம் இழுத்து எடுத்து இருமிக் காட்டினாள், சிரித்தாள், மீண்டும் இருமினாள். கதவோடு காதை வைத்து நின்ற யோசெப்பினுக்கு அதில் எது சிரிப்பு, எது இருமல் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.